நேரே வீட்டுக்கா, சுற்றிப் பார்த்துக்கொண்டா? மட்டக்களப்புக்கு வரும் தம்பதிகளுக்கான வழிகள்

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இந்த முறை அவர்கள் வரவில்லை, நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் வருகிறோம், வருகிற வழியில் இரண்டு மூன்று இடம் பார்த்துக்கொண்டு ஆறுதலாக வந்தால் என்ன? வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் தம்பதிகள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கேட்டவர்களில் பாதிப் பேர் கடைசியில் "முதலில் வீட்டுக்குப் போவோம், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டுவிடுவார்கள். அந்தப் பிறகு வருவதே இல்லை. வந்த அன்றைக்கு மாமி வீட்டுச் சாப்பாடு. அடுத்த நாள் யாரோ ஒருவரின் கலியாணம். அப்புறம் மாமாங்கத்தில் நேர்த்திக்கடன், காணி உறுதி, வங்கி, பல் வைத்தியர். விடுமுறை முடிந்து பெட்டி கட்டும்போதுதான் பாசிக்குடாவுக்குக்கூடப் போகவில்லை என்பது நினைவுக்கு வரும்.

எதைப் பார்ப்பதென்றாலும் வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. எங்கே பார்ப்பது என்பதில்தான் யோசிக்க இருக்கிறது. சுவிஸிலிருந்து வரும் என் அக்காவும் அத்தானும் இதையே கேட்டபோது அவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொதியைப் பற்றி. ஆளுக்கு முப்பது கிலோ, கைப்பை தனி. உள்ளே சொக்லேட், பால்மா, வாசனைத் திரவியம், யாரோ கொடுத்துவிட்ட சப்பாத்து. இந்தச் சுமையோடு சிகிரியாவும் பார்க்க முடியாது, கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் இறங்கிக் குளிக்கவும் முடியாது. இன்னொரு பக்கம், கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஒரு வான் நிறைய ஆட்கள் வந்து நிற்பார்கள். இடியப்பப் பார்சல், சம்பல், தூங்கி விழும் சின்னப் பிள்ளை ஒன்று, முன் சீட்டில் பெரியப்பா. அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை, வருவார்கள். வரட்டும். பெரிய பெட்டிகள் எல்லாவற்றையும் அந்த வானில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஒரு சின்னப் பையோடு நீங்கள் இருவரும் வேறு வாகனத்தில் ஏறிவிடுங்கள். பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வானுக்குள் பெட்டி இருக்கிறதென்றால் அவரது கோபம் குருநாகல் தாண்டுவதற்குள் ஆறிவிடும்.

பொதி இப்படிக் கழன்ற பிறகு இரண்டு விதமான தெரிவுகள் இருக்கின்றன. விமானம் மாறும் ஊரில் இறங்கிப் பார்ப்பது ஒன்று. இலங்கைக்கு வந்து, வீட்டுக்குப் போகும் பாதையையே சுற்றுலாவாக்கிக்கொள்வது மற்றது.

ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருபவர்கள் பெரும்பாலும் டோஹா, துபாய், அபுதாபி வழியாக வருகிறார்கள். அவுஸ்திரேலியாக்காரருக்குச் சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர். இந்தத் தெரிவில் ஒரு பெரிய வசதி உண்டு. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்து, மாறும் ஊரில் நிற்கும் நேரம் 24 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தால், பெட்டிகளை வழக்கமாகக் கொழும்பு வரைக்கும் பதிந்துவிடலாம். கையை வீசிக்கொண்டு ஊரைப் பார்க்கலாம். அதற்கு மேல் நின்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டி வரும். மலிவாக இருக்கிறதென்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் பெட்டியை எடுத்து மறுபடி பதிய வேண்டும், அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் தேவைப்படலாம், முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது விமானம் காத்திருக்காது.

டோஹாவில் ஒரு பகல் கிடைத்தால் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் ஒன்றே போதும். ஐ.எம். பெய் வடிவமைத்து 2008இல் திறந்த கட்டடம், கடலுக்குள் தள்ளி நிற்கிறது. மாலையில் சூக் வாக்கிஃப் சந்தையில் நடக்கலாம். சிங்கப்பூர் என்றால் எங்கள் ஆட்கள் நேரே சிராங்கூன் வீதிக்குத்தான் போவார்கள். வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, தங்கக் கடை ஒன்றுக்குள் நுழைந்தால் நாள் முடிந்தது. கோலாலம்பூரில் பத்துமலை இருக்கிறது, 272 படி. முழங்கால் நோவுள்ளவர்கள் கீழே நின்று முருகனைப் பார்த்தாலும் போதும், சிலை நாற்பது மீற்றருக்கு மேல் உயரம்.

தமிழ்நாட்டையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். சென்னையில் இறங்கி, தஞ்சாவூர், சிதம்பரம் பார்த்துவிட்டு இங்கே பறப்பது. என்னைக் கேட்டால் அதை வழியில் முடிக்கிற வேலையாக நினைக்காதீர்கள். சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கே ஒரு பகல் ஓட்டம். அதோடு சென்னையில் இறங்கிய தம்பதி தியாகராய நகரைத் தாண்டுவது சந்தேகம். நாலு சேலை எடுக்கப் போய் நாற்பது சேலையோடு வந்து, பெட்டி நிறைக்கு மேலதிகக் காசு கட்டிய கதைகள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. தமிழ்நாட்டுக்கென்று தனியாக ஒரு முறை போங்கள்.

சரி, வெளிநாட்டில் இறங்குவதா, உள்நாட்டில் சுற்றுவதா? இதைத் தீர்மானிப்பது மாதம்தான். எங்கள் ஆட்கள் வருவது பெரும்பாலும் இரண்டு காலங்களில்: பள்ளிக்கூட விடுமுறையை ஒட்டி யூலை, ஓகஸ்ட், அல்லது நத்தாரை ஒட்டி டிசம்பர். ஓகஸ்டில் டோஹா நாற்பது பாகையைத் தாண்டிக் கொதிக்கும், அருங்காட்சியகத்துக்கு வெளியே தலை காட்ட முடியாது. அதே நேரத்தில் எங்கள் கிழக்கில் மழை இல்லை, கடல் அமைதி, மின்னேரியாவில் யானைகள் கூடும், அறுகம்பையில் அலைச்சறுக்கு உச்சத்தில் இருக்கும். கதிர்காமத் திருவிழாவும் மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தமும் இந்தக் காலத்தையொட்டியே வரும். டிசம்பரில் எல்லாம் தலைகீழ். டோஹாவில் மாலை நடை சுகமாக இருக்கும். மட்டக்களப்பிலோ வடகீழ்ப் பருவ மழை, வயல் வெள்ளம், சில நாட்களில் றோட்டுக்கு மேலால் தண்ணீர். சிங்கப்பூரும் டிசம்பரில் நனைகிற ஊர்தான், ஆனாலும் அங்கே மழை பெய்தால் கட்டடத்துக்குள் நுழைந்துவிடலாம். எனவே டிசம்பரில் வருபவர்கள் மாறும் ஊரில் ஒரு பகல் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வாருங்கள். இனி எழுதப்போவது யூலை, ஓகஸ்டில் வருபவர்களுக்கு. மே, யூனில் வர முடிந்தவர்களுக்கும் பொருந்தும்.

கட்டுநாயக்கவிலிருந்து மட்டக்களப்புக்கு மூன்று பாதைகள்.

நாங்கள் எல்லோரும் போய் வருவது தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவைப் பாதை. ஏறக்குறைய 300 கிலோமீற்றர், நிற்காமல் வந்தால் ஆறேழு மணித்தியாலம். இந்தப் பாதையில் நூறு தடவை போனவர்களில் பலர் பொலன்னறுவையில் இறங்கியதே இல்லை. தேத்தண்ணிக்கு நிறுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். இறங்கினால் பார்க்க வேண்டியது கல்விகாரையில் கல்லில் குடைந்த புத்தர் மட்டுமல்ல. இரண்டாம் இலக்கச் சிவாலயம் என்று பலகை வைத்திருக்கும் ஒரு சின்னக் கற்கோயில் இருக்கிறது. அந்த நகரத்தில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது அது. சோழர் இந்த நகரத்துக்குச் சனநாதமங்கலம் என்று பெயர் வைத்து ஆண்ட காலத்தில் கட்டியது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு உண்டு, அதில் கோயிலின் பெயர் வானவன் மாதேவி ஈஸ்வரம். வானவன் மாதேவி முதலாம் இராசராசனின் அரசி, முதலாம் இராசேந்திரனின் தாய். தஞ்சாவூருக்குப் போக நேரமில்லை என்று கவலைப்படுபவர்கள் வீட்டுக்குப் போகிற வழியில் இதைப் பார்க்கலாம். கர்ப்பக்கிருகம் இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் அளவு. கல் அடுக்கு ஒன்றோடொன்று பொருந்தியிருப்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள், இடையில் சாந்து தேட வேண்டி வரும்.

இங்கே இரண்டு காரியம் சொல்ல வேண்டும். பொலன்னறுவையில் புனித இடங்களுக்குள் செருப்பில்லாமல் நடக்க வேண்டும், பதினொரு மணிக்குப் பிறகு கல் தரை உள்ளங்காலைப் பொசுக்கும். தடித்த காலுறை ஒரு சோடி கையில் இருக்கட்டும், காலுறையோடு நடக்கலாம். மற்றது டிக்கெட். சிகிரியா, பொலன்னறுவை இரண்டிலும் வெளிநாட்டாருக்கு டொலர்க் கணக்கில் ஒரு கட்டணம், இலங்கையருக்கு அதில் மிகச் சிறிய பகுதிதான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டை மட்டும் நீட்டினால், நீங்கள் கல்லடியில் பிறந்து வளர்ந்தவர் என்று எந்த மொழியில் சொன்னாலும் டொலர்தான். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையை வீட்டு அலுமாரியில் பூட்டி வைக்காமல் எடுத்து வாருங்கள். கணவனிடம் அட்டை இருந்து மனைவியிடம் இல்லாமல் போனால் வாசலில் நின்று ஒரு சின்னச் சண்டை நடக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

சிகிரியாவில் ஏறக்குறைய 1200 படி. நீண்ட விமானப் பயணம் முடிந்த அன்றே ஏற நினைக்காதீர்கள். ஹபரணைப் பக்கம் ஓர் இரவு தங்கி, விடியற்காலையில் ஏறி, பத்து மணிக்குள் இறங்கி, பிற்பகலில் மின்னேரியாவில் யானை பார்த்து, மறுநாள் காலை பொலன்னறுவை. யூலையிலிருந்து செப்டெம்பர் வரை மின்னேரியாக் குளம் வற்றி, வெளிப்பட்ட கரையில் புல் முளைக்கும். அதைத் தின்ன நூற்றுக்கணக்கில் யானைகள் வருகின்றன. ஆசியாவில் இவ்வளவு யானைகளை ஒரே வெளியில் பார்க்கக்கூடிய இடம் வேறு சொல்வது கடினம். பொலன்னறுவையை விட்டுப் புறப்பட்டால் மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்து, வெலிக்கந்தை, புனானை. இந்தத் துண்டை இருட்ட முன் தாண்டிவிடுங்கள். யானை றோட்டைக் கடப்பது அங்கே அன்றாட விஷயம். ஓட்டமாவடி வந்துவிட்டால் ஊர் வந்த மாதிரித்தான்.

இரண்டாவது கண்டிப் பாதை. பேராதனைப் பூங்கா, தலதா மாளிகை, பிறகு ஹுன்னஸ்கிரியா தாண்டிப் பதினெட்டு வளைவு இறங்கி மகியங்கனை, பதியத்தலாவை, மகாஓயா, புல்லுமலை, கரடியனாறு என்று வந்து செங்கலடி கறுத்தப் பாலத்தில் பிரதான வீதிக்கு ஏறுவது. வளைவுகளின் உச்சியில் நிறுத்திப் பார்த்தால் மகியங்கனைச் சமவெளி முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். அந்த ஒரு காட்சிக்காக இந்தப் பாதையைச் சிபாரிசு செய்யலாம். மகாஓயாவில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, சூடு கிணற்றுக்குக் கிணறு வேறுபடும். ஆனால் கண்டிக்குள் வாகன நெரிசலில் அரை நாள் போய்விடும். வளைவில் தலை சுற்றுபவர்களுக்கு ஒத்துவராது, மழை காலத்தில் மண்சரிவுப் பயமும் உண்டு. கண்டியிலிருந்து எல்ல என்ற மலையூருக்கு ரயிலில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. புறப்படும் கிழமையில் எந்தத் துண்டு ஓடுகிறதென்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பூங்காவில் நடப்பதில் விருப்பமுள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்தப் பாதையை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன்.

மூன்றாவது தெற்கு வழி. நீளம் கூடியது, 500 கிலோமீற்றரைத் தாண்டும். ஓரிரவில் முடியாது, மூன்று நான்கு இரவு வேண்டும். நேரமிருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், அக்காவுக்கும் இதையே சொன்னேன்.

முன்பு இந்தச் சுற்று ஒரு தண்டனை. இப்போது கட்டுநாயக்கவிலேயே அதிவேகப் பாதையில் ஏறினால், கொழும்பு நகரத்துக்குள் நுழையாமல் வெளிச்சுற்று வட்டப் பாதை வழியாகத் தெற்கு அதிவேகப் பாதையைப் பிடித்து அம்பாந்தோட்டை வரைக்கும் போய்விடலாம். மாத்தறைக்கு அப்பாலான பகுதி 2020இல்தான் திறந்தது. வழியில் காலிக் கோட்டைக்குள் ஓர் இரவு தங்கலாம். மாலையில் மதில் மேல் கால் நடையாக ஒரு சுற்று, அவ்வளவு போதும். காலியில் அதற்கு மேல் தங்குவது காசுக்குக் கேடு.

அடுத்தது கதிர்காமம். ஊருக்கு வந்தபின் கதிர்காமம் போவதென்றால் இருபது பேர், இரண்டு வான், அண்டா, கிடாரம், ஒரு நாள் முழுக்க ஆள் சேர்க்கிற வேலை. இருவராகப் போனால் மாலைப் பூசைக்கு முன் மாணிக்க கங்கையில் ஆறுதலாகக் குளித்து, திரைக்கு முன்னால் நின்று கும்பிட்டு, அறைக்குத் திரும்பி நித்திரை கொள்ளலாம். மறுநாள் புத்தளை வழியாகப் போகும்போது யானைகள் றோட்டோரமாகப் பழத்துக்குக் காத்து நிற்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு நகர்ந்துகொண்டே இருங்கள், எதையும் நீட்ட வேண்டாம். சாரதி பழகியவராக இருப்பது முக்கியம். வாடகைக்குக் கார் எடுத்துத் தானே ஓட்ட நினைக்கும் அத்தான்மாருக்கு ஒன்று: வெளிநாட்டு லைசன்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது, இலங்கையில் அதற்கு அனுமதி எடுக்க வேண்டும். எடுத்தாலும் இந்தப் பாதைக்கு நான் சாரதியோடு போகும் வாகனத்தையே சொல்வேன்.

மொனராகலை, சியம்பலாண்டுவை தாண்டினால் லகுகலை. றோட்டிலிருந்தே குளம் தெரியும், மாலையில் நாணலுக்குள் யானை நிற்கும், டிக்கெட்டும் இல்லை ஜீப்பும் இல்லை. பொத்துவிலில் இறங்கி அறுகம்பையில் இரண்டு இரவு தங்குங்கள். அலைச்சறுக்கு எங்களுக்கெதற்கு என்று கேட்காதீர்கள். காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு இருந்து, வெள்ளைக்காரப் பிள்ளைகள் விழுந்து எழும்புவதைப் பார்ப்பதே நல்ல பொழுதுபோக்கு. யூலை, ஓகஸ்ட் என்பதால் அறையை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். ஒரு காலை பாணமை வழியாக உகந்தைக்குப் போய்வரலாம். காட்டையும் கடலையும் ஒட்டிய முருகன் கோயில், கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் யால காட்டுக்குள் நுழையும் வாசல். யாத்திரைக் காலம் தவிர்ந்த நாளில் போனால் குன்றின் மேல் உங்களைத் தவிர ஆளிருக்காது.

பொத்துவிலிலிருந்து வடக்கே மட்டக்களப்புக்கு நூறு கிலோமீற்றர் சொச்சம். அந்தக் கடைசித் துண்டை ஒரு பகலுக்கு விரித்துப் போடுங்கள். திருக்கோவிலில் கடலைப் பார்த்தபடி சித்திரவேலாயுதர். அக்கரைப்பற்றில் பகல் சாப்பாடு. காரைதீவு விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். பிறகு சாய்ந்தமருது, கல்முனை, கல்லாறு, களுவாஞ்சிகுடி. கடைத்தெருவும் கோயிலும் பள்ளிவாசலும் மாறி மாறி வரும், ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குவது தெரியாது.

இந்தத் துண்டில் ஓர் ஆபத்து உண்டு. ஒவ்வோர் ஊரிலும் உங்களுக்கு ஒரு சொந்தம் இருக்கும். காரைதீவில் சின்னம்மா, கல்லாற்றில் அத்தானின் மாமா. வருகிற திகதியை இவர்களில் ஒருவருக்குச் சொன்னாலும் உங்கள் சுற்றுலா அந்த வீட்டுக் குந்தில் முடிந்துவிடும். பொத்துவிலில் நிற்பதாக வாட்ஸ்அப்பில் படமும் போடாதீர்கள். ஊருக்கு வந்து இரண்டு கிழமை கழித்துப் போட்டால் போதும்.

செலவு பார்த்தால், தெற்கு வழிக்கு வாகனமும் தங்குமிடமும் சேர்ந்து மற்ற இரண்டையும்விடக் கூடத்தான் வரும். ஆனால் அடையாள அட்டை இல்லாத இருவருக்குச் சிகிரியாவும் பொலன்னறுவையும் சேர்ந்தாலே டொலர்க் கட்டணம் கனக்கும். கதிர்காமத்திலும் லகுகலை றோட்டோரத்திலும் உகந்தையிலும் அந்தக் கணக்கு இல்லை. இரண்டு இரவுதான் கைவசம் இருக்கிறதென்றால் யோசிக்க வேண்டாம், பொலன்னறுவைப் பாதை. அதுவும் முடியாமல் அப்பா அம்மாவுக்குச் சுகமில்லை என்று அவசரமாக வருபவர்கள் நேரே வீட்டுக்கு வாருங்கள், இவையெல்லாம் எங்கேயும் போய்விடாது.

ரயிலைப் பற்றிக் கேட்பீர்கள். வரும்போது அது சரிவராது, ஏனென்றால் கட்டுநாயக்கவிலிருந்து கொழும்பு கோட்டை ரயில் நிலையத்துக்குப் போய் ஏற வேண்டும், களைப்பும் பொதியும் இருக்கும். திரும்பிப் போகும்போது எடுங்கள். பெட்டி பாதி வெறுமை, உதயதேவி ரயில் பகல் வெளிச்சத்தில் வாழைச்சேனை, புனானை, பொலன்னறுவை என்று காட்டுக்குள்ளால் போகும். ஹபரணைப் பக்கத்தில் யானைகளுக்காக ரயில் மெதுவாகப் போக வேண்டியிருக்கும், 2025 பெப்ரவரியில் அங்கே ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. அதனால் பிந்தும். விமானத்துக்கு முதல் நாளே கொழும்புக்குப் போய்ச் சேரும்படி டிக்கெட்டை எடுத்துவையுங்கள்.